காலிப் பாக்கெட்டு

தெருவில் அவனை எல்லோரும் ஸ்டோரு என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டாளத்துக்காரன், அதுவும் கடல் கடந்து போய் யாருடைய நாட்டிலோ முகாம் போட்டிருக்கிற பட்டாளத்தில் இருப்பவன், லீவில் வந்தால் தெருவே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட வேண்டும். இவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கீழ்வீட்டு மெக்கானிக் ஒருமுறை, "அங்க என்னப்பா வேலை உனக்கு?" என்று கேட்டபோது, "ஸ்டோர்ல இருக்கேண்ணே. ஃபேனுக்கு அடியில உக்காந்து சாமானை எடுத்துக் கொடுக்கிற வேலை" என்று இவனாகவே சொல்லித் தொலைத்தான். அன்றைக்கு ஒட்டிய பெயர். பிறகு எத்தனை லீவில் வந்தாலும் சண்டையைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. அங்கே பிளாஸ்டிக் வாளி மலிவா என்று கேட்டார்கள்.

தெரு சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தப் பொய்யை அவன் சொன்னது தெருவுக்காக இல்லை, மனைவிக்காக. அவள் அதை அப்படியே நம்பினாள். டிவியில் அந்த நாட்டைக் காட்டும்போது, புகையும் உடைந்த சுவரும் வரும்போதுகூட, "அது வெளிய. இவர் உள்ள ஸ்டோர்ல இருக்கார்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வெங்காயம் நறுக்குவாள். அந்த நிம்மதி ஒன்றுதான் அவன் அவளுக்குக் கொடுத்த உருப்படியான பொருள் என்று சொன்னால் தப்பில்லை.

அவள் எதிர்ச்சாரியில் உள்ள சலவைக் கடையில் கவுன்ட்டரில் நிற்கிறாள். துணியை வாங்கி, உதறி, பாக்கெட்டுகளைத் துழாவி, கிடைத்ததைச் சின்ன கவரில் போட்டு ஹேங்கரில் கட்டிவிட்டு, டோக்கன் குத்தி உள்ளே அனுப்புவது அவள் வேலை. பின்னால் ஸ்டீம் இஸ்திரி நாள் முழுக்கச் சீறிக்கொண்டே இருக்கும். பாக்கெட்டைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவேன் என்பது அவளுடைய பெருமை. மிட்டாய்க் காகிதம் இருந்தால் பிள்ளைகுட்டிக்காரன். பல்குத்தி இருந்தால் வெளியில் சாப்பிடுகிறவன். கசங்கின டிக்கெட்டும் உடைந்த பொத்தானும் இருந்தால் பாவம், வீட்டில் கவனிக்க ஆள் இல்லாதவன். இதில் யாரைப் பற்றியும் அவள் தப்பாகப் பேச மாட்டாள். ஆனால் ஒன்றுமே இல்லாத பாக்கெட்டு வந்தால் உதட்டைச் சுழிப்பாள். "வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே உதறிட்டு வர்றவன்தான் ஆபத்தானவன்" என்பாள்.

அவர்கள் கல்யாணமே அந்தக் கவுன்ட்டரில் தொடங்கியதுதான். பட்டாளத்தில் சேர்ந்த புதிதில் சட்டையைச் சலவைக்குப் போட வந்தவன், அவள் கொடுத்த டோக்கன் சீட்டை அதே சட்டையின் பாக்கெட்டில் பத்திரமாக வைத்து, சட்டையை அவளிடமே நீட்டிவிட்டுப் போய்விட்டான். திரும்ப வந்து சீட்டைத் தேடித் திருதிருவென்று முழித்தவனைப் பார்த்து, முன்பின் தெரியாத ஆள் என்றுகூடப் பார்க்காமல், "மக்கு" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவனுக்கு அந்த வார்த்தை என்னவோ பிடித்துப்போனது. கல்யாணத்துக்குப் பிறகு நாலு பேர் முன்னால் "என்னங்க", "வாங்க", "சாப்பிடுங்க". கதவைச் சாத்தினால் மக்கு. அவன் வெளிநாடு போன பிறகு மக்கு போனுக்குள் குடியேறியது. இஸ்திரியின் சீறலுக்கு நடுவே, வாடிக்கையாளர் இல்லாத நேரமாகப் பார்த்து, "மக்கு, சாப்டியா? உன் பொண்ணு பல்லு விழுந்துடுச்சு, போட்டோ அனுப்புறேன் பாரு" என்று தினமும் பேசி அனுப்புவாள்.

இந்த லீவில் விவகாரத்தைக் கிளப்பியது அந்தப் பல்தான். வந்த மறுநாள் மகள் அவன் மடியில் ஏறி உட்கார்ந்து, அவன் போனை வாங்கி, தன் ஓட்டைப்பல் போட்டோவைத் தேடினாள். தள்ளித் தள்ளிப் பார்த்தாள். போனோடு வந்த வானப் படம் ஒன்று, அலாரம் வைக்கிற மணிக் குறி ஒன்று. வேறு ஒன்றும் இல்லை.

"அப்பா, உன் போன்ல நான் இல்லையே?"

அடுக்களையில் இருந்த மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். அவன் போனை வாங்கி பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "அது பழைய போன்ல இருக்குடா கண்ணு" என்றான். பழைய போன் என்று ஒன்று கிடையாது, இருப்பது ஒரே போன்தான், அதன் கண்ணாடி எந்த மூலையில் கீறியிருக்கிறது என்பதுவரை அவளுக்குத் தெரியும். பொய் சொல்லத் தெரியாதவன் பொய் சொல்லக் கூடாது. மக்கு என்று பெயர் வாங்கியவன் கண்டிப்பாகச் சொல்லக் கூடாது.

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் பரவாயில்லை. அவன் குளிக்கப் போன நேரத்தில் போனைப் பார்த்தாள். அவள் அனுப்பிய குரல் ஒன்றுகூட இல்லை. மகள் சைக்கிள் ஓட்டியது இல்லை, பள்ளிக்கூட விழா இல்லை, புதுச் சேலை கட்டிக்கொண்டு வெட்கப்பட்டு அவள் எடுத்து அனுப்பிய ஒன்றே ஒன்று, அதுவும் இல்லை. பிறகு அவன் கொண்டுவந்த பையைத் திறந்தாள். போன லீவில் அவள் வைத்து அனுப்பிய பூப்போட்ட துண்டு இல்லை, மகள் வரைந்து கொடுத்த படம் இல்லை. எல்லாம் பட்டாளம் கொடுத்த துணி. சட்டைப் பாக்கெட்டுக்குள் பழக்கதோஷத்தில் விரலை விட்டாள். தூசிகூட இல்லை.

அவளுடைய அக்காவுக்கு, பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவளுக்கு, உடனே சேதி போனது. அக்காவின் வாய் ஊரறிந்தது. வேன் டிரைவரே அவள் சொல்லும் இடத்தில்தான் பிரேக் போடுவான். மறுநாள் மத்தியானம் வேன் வேலை முடிந்ததும் நேராக வந்து, டீயை வாங்கி உறிஞ்சிக்கொண்டே, நேரடியாகவே கேட்டாள்.

"ஏன் தம்பி, அங்க உங்களுக்கு யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்களே அக்கா, நிறைய பேர் இருக்காங்க" என்றான் அவன்.

"நிறைய பேரா!"

"ஆமா. ஒரே ரூம்ல எட்டுப் பேர் படுக்கிறோம்."

அக்காவுக்கு டீ புரையேறியது. அவள் எதைக் கேட்டாள் என்பது அவனுக்குப் புரிந்தபோது சிரித்துவிட்டான். அதுதான் அவன் செய்த பெரிய தப்பு. "சிரிக்கிறாரு பாரு" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு அக்கா எழுந்து போனாள். தங்கை அந்தச் சிரிப்பை மனதில் எழுதி வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து கதவைச் சாத்தினாலும் "என்னங்க"தான். "தண்ணி வேணுமா உங்களுக்கு?" "துணி இருந்தா போடுங்க, துவைக்கணும்." விருந்தாளிக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லிலும் மரியாதை ஒட்டியிருந்தது. மரியாதையால் ஒரு மனுஷனை இப்படி அடிக்க முடியும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. "என்ன கோபம் உனக்கு?" என்றால், "எனக்கென்ன கோபம், சொல்லுங்க" என்பாள். மகள்கூட இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவன் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் அவள் சந்தேகம் போய்விடும். கூடவே அவள் நிம்மதியும் போய்விடும். சொல்லாவிட்டால் நிம்மதி இருக்கும், அவள் மனதில் அவன் இருக்க மாட்டான். லீவோ கரைந்துகொண்டிருந்தது. அவன் தினமும் மாடிப்படியில் உட்கார்ந்து எதிரே சலவைக் கடையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மெக்கானிக், "என்ன ஸ்டோரு, பொண்டாட்டியைக் காவல் காக்கிறியா?" என்று கிண்டல் செய்தபோதும் எழுந்து போகவில்லை.

கடைசியில் ஒரு மத்தியானம் தெருவைக் கடந்து கடைக்குள் போனான். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். இஸ்திரிக்காரர் பின்பக்கம் கண்ணயர்ந்திருந்தார். அவள் யாருடைய பேன்ட்டையோ தலைகீழாகப் பிடித்து உதறிக்கொண்டிருந்தாள். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம், முதல்முதலாக நின்ற அதே இடத்தில் நின்றான்.

"சொல்லுங்க" என்றாள், நிமிராமல்.

"நானும் இந்த வேலைதான் பார்க்கிறேன்."

"எந்த வேலை?"

"பாக்கெட்டு பார்க்கிற வேலை."

அவள் நிமிர்ந்தாள். "ஸ்டோர்னு சொன்னீங்க?"

"ஸ்டோர் மாதிரிதான்."

"யாரோட பாக்கெட்டு?"

அவன் அவள் கையில் தலைகீழாகத் தொங்கிய பேன்ட்டையே பார்த்தான். பேன்ட் அவள் கையிலிருந்து கவுன்ட்டர்மேல் சரிந்தது. டிவியில் பார்த்த புகை, உடைந்த சுவர், இத்தனை நாள் "அது வெளிய" என்று தள்ளி வைத்திருந்தது எல்லாம் அவள் கண்ணுக்குள் வந்துவிட்டதை அவன் பார்த்தான். இனி மறைத்துப் பயனில்லை என்று கடகடவென்று சொன்னான். முகாமின் கோடியில் தகரக் கொட்டகை. நீள மேஜை. செத்துப்போனவர்களின் சொந்தச் சாமான்கள் அங்கேதான் வரும். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருத்தன், இந்தப் பக்கம் இவன். முதலில் பாக்கெட்டு. அப்புறம் பை. கடைசியில் போன். குடும்பத்தை நோகடிக்கிற எதுவும் பெட்டியில் போகக் கூடாது என்பதால் போனைத் திறந்து எல்லாவற்றையும் பார்த்து, எல்லாவற்றையும் கேட்டு, வேண்டாததை எடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

"ஒரு பையன் போனு. அவன் சம்சாரம் பேசி அனுப்பியிருந்துச்சு. 'டேய் குரங்கு, குளிச்சியா'ன்னு ஆரம்பிச்சுது. எதிர்ல இருந்தவன் சிரிச்சுட்டான். பிஸ்கட் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம்."

கவுன்ட்டரில் கிடந்த பொத்தான் ஒன்றை விரலால் ஓரமாக நகர்த்தினான்.

"நானும் சிரிச்சுட்டேன். அந்தப் பொண்ணு குரல் அவ்வளவு ஆசையா இருந்துச்சு. எங்களுக்குச் சிரிப்பு வந்துடுச்சு."

அவள் அவன் சட்டைப் பாக்கெட்டைப் பார்த்தாள்.

"அன்னிக்கே உன் குரலை எல்லாம் அழிச்சேன். போட்டோவை அழிச்சேன். துண்டையும் பாப்பா படத்தையும் அடுப்புல போட்டேன். நீ அனுப்புறதை ஒருவாட்டிக்கு நாலுவாட்டி கேப்பேன். கேட்டுட்டு அழிச்சிடுவேன். எவனோ பிஸ்கட் தின்னுக்கிட்டு, நீ மக்குன்னு கூப்பிடுறதைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. அவ்வளவுதான். வேற யாரும் இல்ல. சத்தியமா யாரும் இல்ல."

"தினமும் அழிக்கிறியா?" என்றாள். 'நீங்க' போய் 'நீ' திரும்பி வந்திருந்தது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

"தினமும்."

"அப்ப தினமும் நீ, இன்னிக்குத் திரும்பி வர மாட்டோம்னு..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. "நீ கொட்டகைக்குள்ளதானே இருக்கே? உனக்கு என்ன ஆகப் போகுது?" என்றாள். கெஞ்சுகிற மாதிரி கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருந்தால் இந்தப் பாவி புண்ணியம் கட்டிக்கொண்டிருப்பான். ஆனால் பொய்யெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

"சாமான் தானா நடந்து வருமா? நாங்கதான் வண்டி எடுத்துக்கிட்டுப் போய் எடுத்து வரணும். அன்னிக்கு எதிர்ல உக்காந்து சிரிச்சான் பாரு, அவன் அப்படிப் போனவன்தான். அவன் போனையும் நான்தான் திறந்தேன்."

சலவைக் கடைக்காரி இல்லையா, அவள் அடுத்ததாகக் கேட்டது இதுதான்: "துணியை என்ன பண்ணுவீங்க?"

"துவைச்சு மடிச்சு அனுப்புவோம். கறையோட அனுப்பக் கூடாதுன்னு உத்தரவு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். நல்லா சோப்பு போட்டு."

அவள் தலையை ஆட்டினாள். பேன்ட்டை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு கவுன்ட்டரைத் தாண்டிக் கையை நீட்டி அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, "மக்கு, மக்கு, மக்கு" என்று சொல்லி அடித்தாள். அழுதுகொண்டே அடித்தாள். இஸ்திரிக்காரர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, நாகரிகம் தெரிந்த மனுஷன், மறுபடி மூடிக்கொண்டார்.

வார்த்தை திரும்பக் கிடைத்துவிட்டது. அதற்காக அவன் சந்தோஷப்பட்டான் என்றால் அது அன்று சாயங்காலம்வரைதான். வீட்டில் டிவி ஓடவில்லை. வயரைக் கழற்றி, சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள். சாப்பிடும்போது அவன் கையையே பார்த்தாள். மகள் எதையோ கேட்டால் காதில் விழவில்லை. "போகாம இருக்க முடியாதா?" என்றாள் ஒருநாள். கையெழுத்துப் போட்ட காலம் முடியவில்லை, போகாவிட்டால் வந்து பிடித்துக்கொண்டு போவார்கள் என்றான். "வேற வேலையாவது கேளு." கேட்டாயிற்று. மேலதிகாரி அவன் தோளில் தட்டி, உன் அளவுக்குச் சுத்தமாகச் செய்ய இங்கே ஆள் இல்லை என்று பாராட்டி அனுப்பிவிட்டார். வேலையை ஒழுங்காகச் செய்கிறவனுக்கு எந்த ஊரிலும் இதுதான் கூலி. அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

உண்மையைச் சொன்னால் பாரம் குறையும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. இங்கே பாரம் ஒரு தோளிலிருந்து இரண்டு தோளுக்கு ஏறியது. இரண்டிலும் முழுசாக ஏறியது.

கிளம்புகிற அன்று அக்கா வந்தாள். தங்கை அவளிடம் எதையும் சொல்லவில்லை. "யாரும் இல்லையாம்க்கா" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அக்கா மன்னிப்புக் கேட்கிற ஜாதி இல்லை. "இப்படி எலும்பும் தோலுமா இருந்தா யாரு தம்பி உங்களைப் பார்க்கப் போறாங்க, நான் ஒருத்தி" என்று திட்டிவிட்டு, ஒரு பாக்கெட் பிஸ்கட்டை நீட்டினாள். அவனும் மனைவியும் அந்த பிஸ்கட்டைப் பார்த்தார்கள். "வேணாம்க்கா, பாப்பாவுக்குக் கொடுங்க" என்றாள் மனைவி. அக்காவுக்கு முகம் சப்பென்று ஆகிவிட்டது.

பையை இந்த முறை மனைவிதான் அடுக்கினாள். போன லீவுகளில் பை மூடாமல் அதன்மேல் உட்கார்ந்து ஜிப்பை இழுப்பாள். இந்த முறை பட்டாளத்துத் துணி, சோப்பு, சவரக்கத்தி. பை பாதிதான் நிறைந்தது. அவன் சொல்லாமலே அவன் எப்படி அடுக்குவானோ அப்படி அடுக்கியிருந்தாள். அவன் ஜிப்பை ஒரே இழுப்பில் மூடினான்.

விமான நிலைய வாசலில், உள்ளே போகிறவர்கள் தவிர மற்றவர்கள் நிற்க வேண்டிய கம்பிக்கு இந்தப் பக்கம் மகளைத் தூக்கிக் கொஞ்சினான். அவள் தன் தலையிலிருந்த பட்டாம்பூச்சி கிளிப்பைக் கழற்றி, அப்பாவுக்குத் தெரியாமல் செய்வதாக நினைத்துக்கொண்டு, அவன் சட்டைப் பாக்கெட்டில் போட்டாள். அவன் பார்க்காத மாதிரி நின்றான். அதை எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. இதை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தான். மனைவி அவன் காலரைச் சரிசெய்வதுபோல நெருங்கினாள். அவள் கை பாக்கெட்டுக்குள் போய் வந்தது. கிளிப்பைக் கைக்குள் மூடிக்கொண்டு, "போயிட்டு வாங்க" என்றாள். நாலு பேர் நிற்கிற இடம், அதனால் வாங்க. அவன் அப்படித்தான் எடுத்துக்கொண்டான்.

கொட்டகையில் எல்லாம் அப்படியே இருந்தது. மேஜைக்கு எதிரே புதிதாக ஒரு ஆள், மீசை அரும்பியவன், பாக்கெட்டுக்குள் கையை விடத் தயங்கினான். "முதல்ல உதறு, அப்புறம் கை விடு" என்று இவன் சொல்லிக்கொடுத்தான்.

வீட்டிலிருந்து சேதி வந்தது. "நாங்கள் நலம். பாப்பா நன்றாகப் படிக்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்." எழுத்தில்தான் வந்தது, குரலில் இல்லை. மறுநாளும் அதேபோல. பல்லைப் பற்றி இல்லை, முதலாளி திட்டியது இல்லை, அக்கா வேனில் யாரோடு சண்டை போட்டாள் என்பது இல்லை. கோபம்கூட இல்லை. எவன் படித்தாலும் சிரிக்க முடியாத அளவுக்கு அவள் சொல்லை உதறி உதறி அனுப்பினாள். அவன் படித்துவிட்டு அழிக்கப் போனான். அழிக்க வேண்டிய அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை என்று தோன்றியது. ஆனாலும் அழித்தான். "பேசி அனுப்பேன்" என்று எழுதிக் கேட்டான். அதற்கு, "சரிங்க" என்று பதில் வந்தது.

பிறகு ஒருநாள், வண்டியில் சாமான் எடுக்கப் போகிற முறை அவனுக்கு வந்தது. முந்தின நாளே அவளிடம் சொல்லியிருந்தான். இனி மறைக்க என்ன இருக்கிறது. வண்டி கிளம்பும் முன்னால் போன் சிணுங்கியது. குரல். அவன் கொட்டகைக்குப் பின்னால் ஓடிப்போய்க் காதில் வைத்தான். பின்னால் இஸ்திரி சீறியது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். கவுன்ட்டரில் வாடிக்கையாளரிடம் பேசுகிற குரலில், நிறுத்தி நிதானமாகப் பேசினாள்.

"வணக்கம் சார். நான் இவரோட மனைவி பேசுறேன். இவர் போனைத் திறந்து இதை யாரு கேக்குறீங்கன்னு எனக்குத் தெரியாது. நான் சலவைக் கடையிலதான் வேலை பார்க்கிறேன். உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன் சார். அவர் சட்டையைத் துவைக்காதீங்க. கறை இருந்தாலும் பரவாயில்லை. அப்படியே மடிச்சு அனுப்பிடுங்க. நான் பார்த்துக்கிறேன்."

வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். அவன் விரல் பழக்கத்தில் அழிக்கிற இடத்துக்குப் போய் நின்றது. அது அவனுக்கு வந்த சேதி இல்லை. போனை அப்படியே பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினான்.